கட்டங்களும் ஆச்சியின் பூராடமும்

சங்கத்து அங்கத்தவர் பதிவேடு நெடுங்காலம் தடித்த கறுப்பு மட்டைக் கொப்பியிலேயே இருந்தது. 2003ஆம் ஆண்டில் அதைக் கொம்பியூட்டரில் ஏற்றுவதென்று நிர்வாகசபை தீர்மானித்தபோது, பொறுப்பு உபகாரியதரிசியின் தலையில் விழுந்தது. பகலில் லண்டன் கந்தோர் ஒன்றில் கணக்கு எழுதுபவர் அவர். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த பின்புதான் இந்த வேலைக்கு நேரம் கிடைத்தது.

பிழையான பதிவு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாதென்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விதி வைத்தார். சில விதிகள் நன்றாகவே உழைத்தன. பிரித்தானியத் தபாற் குறியீட்டின் பின்பாதி எப்போதும் ஓர் இலக்கமும் இரண்டு எழுத்துகளுமாகவே வரும். அந்த எழுத்துகளில் சி, ஐ, கே, எம், ஓ, வி ஆகிய ஆறும் இடம்பெறுவதில்லை. மாறி அடித்தால் கட்டம் உடனே மறுத்துவிடும்.

பெயரில்தான் முதற் சறுக்கல். குடும்பப் பெயருக்கு 15 எழுத்து ஒதுக்கியிருந்தார். ஆங்கிலத்தில் 17 எழுத்துள்ள சிவபாதசுந்தரம் வாலிழந்து சிவபாதசுந்தர் ஆகிவிட்டார். (அறுபது வயதுக்கு மேல் நாகரிகப் பெயர் கிடைப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.) அகலத்தைக் கூட்டியதும் அது தீர்ந்தது. ஆனால் தகப்பன் பெயருக்குப் பின்னே பாட்டன் பெயரும், பிள்ளைகள் பெயருக்குப் பின்னே தகப்பன் பெயரும் நிற்பது நம்மவர் வழக்கமல்லவா? குடும்பப் பெயரைப் பார்த்து வீடு பிரித்த கொம்பியூட்டர், தகப்பனை ஒரு வீட்டிலும் மனைவி மக்களை இன்னொரு வீட்டிலும் குடியிருத்தி, ஒரே விலாசத்துக்கு இரண்டு திருவிழா அறிவித்தல்கள் அனுப்பியது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார்.

பிறந்த திகதிக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாதென்பது அவர் மிகவும் பெருமைப்பட்ட விதி. பதிவு செய்ய உதவிக்கு வந்த மாணவர்கள், திகதி தெரியாத முதியவர்களுக்கெல்லாம் சனவரி முதலாந் திகதியை அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பொய் சொல்லாமல் முன்னே போக அந்த விதி வழி வைக்கவில்லை.

2004ஆம் ஆண்டு ஆனி மாதம் பூர நட்சத்திரத்தன்று, பட்டியலைப் பார்த்து ஐயர் ஓர் ஆச்சியின் பெயருக்கு அர்ச்சனை செய்தார். முன்வரிசையிலிருந்த ஆச்சி எழுந்து நின்றார்.

"ஐயா, என்ரை நட்சத்திரம் பூராடம்."

உபகாரியதரிசி ஓடிவந்தார். "ஆச்சி பிறந்த திகதி என்ன?"

"எனக்கெங்கை தம்பி திகதி தெரியும்? ஆனி மாசம் பூராடம். அம்மா சொன்னது அவ்வளவுதான். அதையும் மாத்திப்போட்டியளே!"

கொப்பியில் பூராடம் என்று தெளிவாகவே இருந்தது. கட்டத்தில் 27 நட்சத்திரங்களையும் பட்டியலிட்டு, வேறொன்றும் புக முடியாதபடி பூட்டியிருந்தார். ஆனால் பூரம், பூராடம், பூரட்டாதி மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளவைதானே! இல்லாத நட்சத்திரத்தை விதி தடுக்கும்; இன்னொருவருடைய நட்சத்திரத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

துளையட்டைக் காலத்தில் ஒருவர் துளைத்த அட்டையை இன்னொருவர் வேறோர் இயந்திரத்தில் மறுபடி அடித்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் அட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டு விழும். அந்தப் பழைய முறையையே உபகாரியதரிசி கையிலெடுத்தார். ஒருவர் திரையைப் பார்த்து உரக்க வாசிக்க, மற்றவர் கொப்பியில் விரல் வைத்துச் சரிபார்த்தார். திகதி விதியையும் மாற்றினார்: திகதி இருக்கவேண்டும், அல்லது 'தெரியாது' என்று குறித்து மாதமும் நட்சத்திரமும் இருக்கவேண்டும். சனவரி முதலாந் திகதிக்காரர் ஒவ்வொருவருக்கும் ரெலிபோன் எடுத்தார். அவர்களில் ஒருவர் உண்மையாகவே அன்று பிறந்தவர். "பாஸ்போட்டைக் கொண்டு வரட்டோ?" என்று கோபித்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து ஆனிப் பூராடம் வந்தது. ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி முடிக்கும்வரை ஆச்சி கண் திறக்கவில்லை. பிறகு உபகாரியதரிசியைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, திகதிக்கு என்ன போட்டனீர்?"

"தெரியாது எண்டு போட்டிருக்கிறன், ஆச்சி."

"அது சரி," என்று சொல்லி விபூதிக்குக் கையை நீட்டினார்.