வித்தியாசம்

வங்கியில் வித்தியாசம் என்ற சொல்லுக்கு நல்ல அர்த்தம் கிடையாது. மாலையில் கல்லாவை எண்ணும்போது ஒரு ரூபாய் குறைந்தாலும், கூடினாலும், வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசத்தைப் பூஜ்யமாக்குவதே என் உத்தியோகம். வித்தியாசத்தைக் கொண்டே அளக்கிற ஒரு கருவியைச் சென்ற கோடையில் பார்த்தேன்.

எங்கள் கிளையில் கடன் வாங்கிய கோவைப் பட்டறை ஒன்றில், கணினியால் ஓடும் மில்லிங் மெஷினைப் பார்வையிட ஆபீசருடன் போயிருந்தேன். தகரக் கூரையின் சூடு, எண்ணெய்ப் புகை, பக்கத்தில் பிரஸ் இடிக்கும் அதிர்வு. இவற்றின் நடுவே முக்காலியின் மேல் ஒரு லேசர். மெஷினின் மேஜை சொன்ன தூரம் நகர்கிறதா என்று ஓர் இளைஞர் சோதித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒளி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி, நிலையாக நிற்கும் கண்ணாடிக்குப் போய்த் திரும்புகிறது. மற்றது, மேஜையோடு நகரும் கண்ணாடிக்குப் போய்த் திரும்புகிறது. இரண்டும் மறுபடி சேரும்போது வெளிச்சமும் இருளும் மாறி மாறி வருகின்றன. ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர். மேஜை அதில் பாதி தூரம், அதாவது தலைமயிரின் தடிமனில் சுமார் இருநூறில் ஒரு பங்கு நகர்ந்தால், ஒரு முறை வெளிச்சம், ஒரு முறை இருள். கருவி அதை எண்ணுகிறது, அவ்வளவுதான்.

மைக்கல்சன் 1881ல் பெர்லினில் இதை முயன்றபோது தெருவின் அதிர்வு இரவிலும் ஒளிவரிகளைக் கலைத்தது. கருவியைப் போட்ஸ்டாமுக்குக் கொண்டுபோனார். அங்கும் நூறு மீட்டருக்கு அப்பால் யாராவது தரையில் காலை ஓங்கி வைத்தால் வரிகள் மறைந்தன. 1887ல் கிளீவ்லாந்தில் மார்லியுடன் சேர்ந்து, கருவியைக் கல்பலகையில் ஏற்றி, கல்லைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். ஈதரினூடே பூமி செல்வதால் வரவேண்டும் என்று எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. வரவில்லை என்றே எழுதினார்கள்.

பட்டறையில் பாதரசம் கிடையாது. உலகத்தை ஒதுக்கிவைக்க முடியாத இடம் அது. காற்று ஒரு டிகிரி சூடானால் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரான் பிழை. எஃகோ டிகிரிக்குப் பதினொரு மைக்ரானுக்கு மேல் நீளும். அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான வெப்பநிலை 20 டிகிரி. அன்று பட்டறையில் 34. ஆகவே காற்றின் சூடு, அழுத்தம், ஈரம், இரும்பின் சூடு எல்லாவற்றையும் தனித்தனியே அளந்து கணக்கில் சேர்க்கிறார்கள். எண்ணெய்ப் புகையில் ஒளி மங்கினால் ஆரம்பகாலக் கருவிகள் தடுமாறின. 1970ல் ஹியூலட்-பக்கார்ட் கொண்டுவந்த கருவி, பிரகாசத்தை விட்டு, இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசத்தைக் கவனித்தது. குரல் இறங்கினாலும் சுருதி விலகாத மாதிரி.

சோதனை பாதியில் இருக்கும்போது ஒரு தொழிலாளி தட்டோடு குறுக்கே நடந்தார். ஒரு கணம்தான். கதிர் அறுந்தது என்று திரை சொல்லிவிட்டது. இளைஞர் சலித்துக்கொள்ளவில்லை. மேஜையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார். "விட்ட எண்ணிக்கையை ஊகிக்க முடியாதுங்க சார்" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நண்பரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. பஸ்ஸில் சில கவிதைகள், வார்டு வராந்தாவில் சில, கவுண்டரில் கூட்டம் குறைந்தபோது சில. எத்தனையோ இடத்தில் கதிர் அறுந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. தொடர்ச்சியாக வாசித்தவனைப்போல, திட்டவட்டமான குரலில், இந்தக் கவிதைகளில் அனுபவத்தின் ஸ்திரம் இல்லை என்று தீர்ப்பு எழுதினேன். ஆடிக்கொண்டிருந்தது எது, அவருடைய கவிதையா, நான் நிலையானது என்று நம்பியிருந்த கண்ணாடியா என்று கேட்டுக்கொள்ளவில்லை. நண்பர் அதன்பின் எனக்குக் கடிதம் எழுதவில்லை. புதிதாகக் கவிதையும் எழுதவில்லை என்று கேள்வி.

விமர்சகன் சூடில்லாத அறையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஓர் அறை யாருக்கும் வாய்க்காது. தன் சூடு எத்தனை டிகிரி என்று கணக்கில் எழுதலாம். அறுந்த இடத்தை அறுந்தது என்று சொல்லலாம். இவ்வளவு செய்த பிறகும் என் அபிப்பிராயம் மாறாமலே இருக்கக்கூடும்.

போன வாரம் தொகுதியைத் திரும்ப எடுத்தேன். ஒன்பதாவது கவிதையில் யாரோ கதவைத் தட்டினார்கள். மறுநாள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.