ஆறு சக்கர வீடும் ரெண்டு நாயும்!

குவார்ட்ஸைட். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பல் ரெண்டு ஆடிவிடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி, நட்டநடுப் பாலைவனத்தில் கிடக்கிற ஊர். 2020 சென்சஸ்படி ஜனத்தொகை சுமார் 2,400. ஜூலை மாசம் போனால் அந்த 2,400 பேரையும்கூடத் தெருவில் பார்க்க முடியாது. 43, 45 டிகிரி வெயிலுக்கு பயந்து ஏ.சி-க்குள் பதுங்கியிருப்பார்கள்.

ஜனவரியில் போங்கள்... கண்ணுக்கெட்டிய தூரம்வரை மோட்டார் ஹோம்கள்! கட்டில், அடுப்பு, பாத்ரூம், டி.வி. என்று ஒரு குடித்தனத்தையே முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிற வண்டிகள். ஊருக்குத் தெற்கே 'லா போசா' என்று சர்க்கார் நிலம். 1983-ல் ஆரம்பித்த ஏற்பாடு... செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாசம் தங்கிக்கொள்ளலாம். ஃபீஸ் பல வருஷமாக 180 டாலராக இருந்தது. தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், கழிவைக் கொட்ட இடம் உண்டு. கரண்ட் மட்டும் கிடையாது. அவரவர் கூரையில் சோலார் தகடு.

வருகிறவர்களில் நிறையப் பேர் வடக்கே பனிக்குத் தப்பி வருகிற ரிட்டையர்டு ஆசாமிகள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும்; வெயில் வந்ததும் திரும்பிவிடுவார்கள். இன்னும் சிலருக்குப் பூட்டுவதற்கு வீடே கிடையாது. வண்டிதான் வீடு. 'ஃபுல்டைமர்' என்று பேர். சிலர் ஊர் சுற்றுகிற ஆசையில் வீட்டை விற்றவர்கள். சிலர் வாடகை கட்டி மாளாமல் வண்டிக்கு வந்தவர்கள். 2021-ல் ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' படம் இவர்கள் கதைதான். இந்த ஊரிலும் கொஞ்சம் எடுத்தார்கள்.

காலை ஏழு மணிக்கு லா போசாவில் ஒரு நடை நடந்தால் விஷயம் புரிந்துவிடும். மனுஷர்கள் எழுந்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் காபி வாசனை இல்லை, குரைப்பு! திறக்கிற ஒவ்வொரு வண்டிக் கதவிலும் முதலில் ஒரு மூக்கு தெரிகிறது. அப்புறம் சங்கிலி. கடைசியில்தான் தொப்பியும் ஸ்வெட்டருமாக ஓனர். பிள்ளைகள் எங்கோ நியூயார்க், சியாட்டில் என்று செட்டிலாகிவிட, பேச்சுத் துணைக்கு மிச்சம் இருப்பது இந்த நாலு கால்தான்.

நாயோடு வண்டியில் ஊர் சுற்றுவது அமெரிக்காவில் புதுசு இல்லை. எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் 1960-ல் சார்லி என்ற தன் பூடில் நாயை ஏற்றிக்கொண்டு நாட்டையே ஒரு சுற்று சுற்றினார். பிக்கப் டிரக்கின் முதுகில் ஒரு குட்டி வீட்டைக் கட்டி, டான் க்விக்ஸாட்டின் குதிரை ஞாபகமாக 'ரோஸினான்டே' என்று பேரும் வைத்தார். அந்த வண்டி இன்றைக்கும் கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊரில், அவர் பேரில் இருக்கும் மியூசியத்தில் நிற்கிறது. ஆனால், ஸ்டீன்பெக் போனது சில மாசப் பயணம். முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பினார். திரும்ப வீடே இல்லாதவர் எந்த வண்டி வாங்குவது? அதுவும் ரெண்டு நாயோடு?

கடைக்குப் போனால் ஏ, பி, சி என்று மூணு 'கிளாஸ்' காட்டுவார்கள். இதில் ஒரு வேடிக்கை. ஏ பெரிசு, பி நடுத்தரம், சி சின்னது என்றுதானே நினைப்போம்? கிடையாது. ஏ பெரிசு, சி நடுத்தரம், பி-தான் சின்னது. பேர் வைத்த புண்ணியவான் அரிச்சுவடியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார் போலிருக்கிறது!

கிளாஸ் ஏ என்பது பஸ். பன்னிரண்டு மீட்டர் நீளம்கூட உண்டு. உள்ளே நுழைந்தால் மாப்பிள்ளை வீடு மாதிரி ஜம்மென்று இருக்கும். பெட்ரோல் குடிப்பதில் மட்டும் மாமனார் வீடு மாதிரி... லிட்டருக்கு மூணு, நாலு கிலோமீட்டர் கொடுத்தால் உங்கள் அதிர்ஷ்டம். நாய்க்கு முதல் தொல்லை வாசல் படி. செங்குத்தாக மூணு, நாலு படி. இளவட்ட நாய் ஒரே தாவில் ஏறிவிடும். பத்து வயசு லேப்ரடாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு யார் தூக்குவது? முப்பத்தைந்து கிலோ! அதை ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்கி இறக்கினால் அடுத்த வாரம் உங்களை ரெண்டு பேர் தூக்க வேண்டியிருக்கும்.

பெட்ரோல் கிளாஸ் ஏ-யில் டிரைவருக்கும் பக்கத்து ஸீட்டுக்கும் நடுவே திண்ணை மாதிரி ஒரு மேடு இருக்கும். கீழே எஞ்சின். அந்த மேட்டுக்கு மெக்கானிக்குகள் வைத்த பேர் 'டாக்ஹவுஸ்'! பேரை நம்பி நாயை அங்கே படுக்கவைத்தால் நீண்ட பயணத்தில் தோசைக்கல்லில் போட்ட மாதிரிதான்.

கிளாஸ் சி, லாரித் தலையும் வீட்டு உடம்பும் ஒட்டினது. டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்கும். கிளாஸ் ஏ-யைவிடத் தாழ்ந்த வாசல், நாய்க்கு சௌகரியம். ஆனால், கதவருகே ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை எடை ஏற்றலாம் என்ற கணக்கு அதில் இருக்கும். பார்க்கப் பெரிய வண்டியாக இருந்தும் ஐந்நூறு கிலோவுக்குச் சொச்சம்தான் அனுமதி என்று இருப்பவை உண்டு. புருஷன், பெண்டாட்டி, ரெண்டு லேப்ரடார், பதினைந்து கிலோ நாய்ச் சாப்பாட்டு மூட்டை, சட்டிபானை, துணிமணி... கணக்குப் போட்டால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். இந்தக் கணக்கு தப்பினால் டயர் வெடிக்கலாம், பிரேக் தடுமாறலாம்.

கிளாஸ் பி என்பது வேன். எங்கே வேண்டுமானாலும் பார்க் பண்ணலாம், மைலேஜும் பரவாயில்லை. தனி ஆளுக்கும் ஒரு சின்ன நாய்க்கும் சொர்க்கம். ரெண்டு பெரிய நாய் என்றால்? நடைபாதை ஒன்றரை அடி, ரெண்டு அடி. ஒரு நாய் திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் இன்னொரு நாய் கட்டிலில் ஏற வேண்டும். கட்டிலில் இருக்கிறவர் வெளியே போக வேண்டும்.

இதுதவிர, டிரக் கட்டி இழுக்கிற டிரெய்லர்கள். அதில் ஒரு ஜாதிக்கு 'ஃபிஃப்த் வீல்' என்று பேர். அஞ்சாவது சக்கரத்தைத் தேடாதீர்கள், கிடையாது. டிரக்கோடு மாட்டும் கொக்கிக்குத்தான் அந்தப் பேர். ஓடும்போது நாய்கள் டிரெய்லரில் இல்லாமல் டிரக்கின் பின் ஸீட்டில், உங்களோடு வர வேண்டும். கண்ணெதிரே இருக்கிறது என்று நிம்மதி.

வெளியே தள்ளுகிற சுவர் வேறு! 'ஸ்லைடு' என்பார்கள். வண்டி நின்றதும் பட்டனைத் தட்டினால் சுவர் ரெண்டு, மூணு அடி வெளியே நகர்ந்து ஹால் விரியும். சேல்ஸ்மேன் விரித்துவைத்துத்தான் காட்டுவார். 'மூடிக் காட்டுங்க' என்று கேளுங்கள். மத்தியானம் ரோட்டோரம் நிறுத்திச் சாப்பிடும்போது ஸ்லைடு மூடித்தான் இருக்கும். அப்போது நாய் படுக்க இடம் உண்டா, தண்ணீர்க் கிண்ணம்வரை போக முடிகிறதா, நீங்கள் பாத்ரூம் போக முடிகிறதா என்று பாருங்கள். மூடுகிற பட்டனைத் தொடுவதற்கு முன் நாய்களை எண்ணுவது தினசரிக் கடமை. வாலையும் சேர்த்து!

இதெல்லாம் சௌகரிய, அசௌகரியக் கணக்கு. உயிர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை லா போசாவில் எனக்குச் சொன்னவர் ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா. மின்னசோட்டாக்காரர். பழைய கிளாஸ் ஏ, வாசலில் மடக்கு நாற்காலி, காலடியில் ஒரு கறுப்பு நாய். பக்கத்தில் இன்னொரு தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தது.

"ரெண்டு நாயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு இருந்தது" என்றார்.

அவர் முதலில் வாங்கியது அழகான கிளாஸ் சி. அடுப்படி பிடித்துப்போய் வாங்கினாராம். 30 ஆம்ப் வண்டி. அதாவது, முகாமில் பிளக் மாட்டினால் மொத்தமே 3,600 வாட். கூரை ஏ.சி. ஒன்றே ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இழுக்கும். கூட மைக்ரோவேவும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் மேலே போய்விடும், சர்க்யூட் விழுந்துவிடும். டெக்ஸாஸில் ஒரு முகாம். ஜூன் மாசம். ஏ.சி-யைப் போட்டுவிட்டு, "இதோ வந்துட்டேன், சமர்த்தா இருங்க" என்று ரெண்டு நாயிடமும் சொல்லிவிட்டு மளிகை வாங்கப் போயிருக்கிறார். கியூவில் நேரமாகிவிட்டது. போய் வர ஒண்ணேகால் மணி. வாட்டர் ஹீட்டர் ஆனில் இருந்திருக்கிறது. எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

"கதவைத் திறந்ததும் இவன் ஓடி வந்தான். அவ வரலே" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்கியாக வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் இரைத்தும் பிரயோஜனம் இல்லை. 2005-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி சூடு ஏறியது. அதில் முக்கால் பங்குக்கு மேல் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. மோட்டார் ஹோம் காரைவிடப் பெரிசு. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சூடேறலாம். ஆனால், அதுவும் வெயிலில் நிற்கிற பெட்டிதான்.

அதனால் டீச்சரம்மா ரெண்டாவது தடவை வண்டி வாங்கியபோது அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதல் கேள்வி, 50 ஆம்ப் பிளக் உண்டா? அதில் ரெண்டு லைன் வருவதால் 12,000 வாட் கிடைக்கும், ரெண்டு ஏ.சி. ஓட்டலாம். ரெண்டாவது, கரண்ட் போனால் தானாகவே ஸ்டார்ட் ஆகிற ஜெனரேட்டர் உண்டா? மூணாவது, உள்ளே சூடு ஏறினால் செல்போனுக்குத் தகவல் அனுப்புகிற கருவி. அதிலும் டவர் கிடைக்கிற ஊர் என்றால்தான் தகவல் வரும். நடுக்காட்டில் அதை நம்பிப் போகக் கூடாது.

"கூரையில சோலார் இருக்கே, அது போதாதா?" என்றேன்.

சிரித்தார். "கணக்கு வாத்தியார்கிட்ட கேக்கறீங்களே!" என்று மண்ணில் விரலால் எழுதிக் காட்டினார். 12 வோல்ட், 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 1,280 வாட்-அவர். ஏ.சி. இழுப்பது 1,500. ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. விளக்கு, ஃபேன், லேப்டாப் என்றால் சோலார் ராஜா. ஏ.சி. என்றால் பேட்டரியை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். அடுக்கினால் எடைக் கணக்கு இடிக்கும்.

"எல்லாத்தையும்விடப் பெரிய ஏ.சி. ஒண்ணு இருக்கு... சக்கரம்!" என்றார். ஏப்ரலில் குவார்ட்ஸைட் காயத் தொடங்கியதும் கிளம்பிவிடுகிறார். அதே அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. ஜூலையிலும் பகல் வெப்பம் சராசரி 28 டிகிரிதான். "மலையேறப் பயமா இருக்கற அளவுக்குப் பெரிய வண்டி வாங்காதீங்க. வாங்கினா ஒரே இடத்துல உக்காந்துடுவீங்க. வெயில் உங்களைத் தேடி வந்துடும்."

இதை வாங்கிய பிறகும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. தனியார் முகாம்கள் பலவற்றில் ரெண்டு நாய்க்கு மேல் அனுமதி இல்லை. ராட்வைலர், பிட்புல் மாதிரி சில ஜாதிகளுக்கு வாசலிலேயே 'நோ'. கிராண்ட் கேன்யனில் விளிம்பின்மேல் ஆறடிச் சங்கிலியில் நாயை நடத்தலாம். பள்ளத்தாக்குக்குள் இறக்கக் கூடாது. அப்போதும் நாய் வண்டியில்தான் காத்திருக்கும். ரேபிஸ் ஊசி சர்ட்டிஃபிகேட்டை டிரைவிங் லைசென்ஸ் மாதிரி கையோடு வைத்திருக்க வேண்டும். ஒரு சீப்பும் வேண்டும். பாலைவனத்தில் 'சோயா' என்று ஒரு கள்ளி (சமையல் சோயா இல்லை!), லேசாக உரசினாலே முள் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையில் ஒட்டும். சீப்பால் நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒர்க்ஷாப். எஞ்சின் மக்கர் செய்தால் மோட்டார் ஹோமே ஒர்க்ஷாப்புக்குப் போய்விடும். வீடு லிஃப்டில் தொங்கும். நீங்களும் நாய்களும் தெருவில். பார்ட்ஸ் வர பத்து நாளாகும் என்பார் மெக்கானிக். டிரெய்லர்காரருக்கு இந்தக் கஷ்டம் பாதிதான். டிரக் கெட்டால் டிரக் மட்டும் போகும், வீடு நின்ற இடத்தில் நிற்கும். மோட்டார் ஹோம்தான் வேண்டும் என்றால் நாயோடு பத்து நாள் மோட்டலில் தங்குகிற பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வண்டி பாருங்கள்.

குவார்ட்ஸைட் இடுகாட்டில் பிரமிடு மாதிரி ஒரு கல் சமாதி இருக்கிறது. உச்சியில் ஒட்டகம். உள்ளே ஹாஜி அலி. உள்ளூர்க்காரர்கள் வாயில் 'ஹை ஜாலி'! 1856-ல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது கூடவே வந்த ஒட்டகக்காரர். ஒட்டகம் வெயிலைத் தாங்கியது, முள்ளைத் தின்றது, எல்லாம் சரி. ஆனால், ராணுவத்தின் குதிரையும் கோவேறு கழுதையும் அதைக் கண்டு மிரண்டன. அப்புறம் உள்நாட்டு யுத்தம் வந்தது, திட்டம் அம்போ. 1902-ல் இறந்தவரை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. பேப்பரில் பிரமாதமாக இருக்கிற வாகனம், கூட இருக்கிற பிராணிகளுக்கு ஒத்துவர வேண்டும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது!

ஆக, வண்டி பார்க்கப் போகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். மத்தியானம் மூணு மணிக்குப் போய், ஏ.சி-யை அணைத்து, ஜன்னலை மூடி, நாய் படுக்கிற தரையில் உட்காருங்கள். கதவைத் திறக்கிற கை உங்களுக்கு இருக்கிறது. தாங்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். எத்தனை நிமிஷத்தில் எழுந்தீர்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு, அப்புறம் விலை பேசுங்கள்.