பெட்டிக்காரர் பேத்தி

(பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி)

சென்ற ஆண்டு நம் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாடற்குழுவைத் தேர்ந்தெடுத்த அன்று நான் அழுதேன் என்பதை என் விடுதித் தோழியர் அறிவர். தனிப்பாடல் எனக்குத்தான் கிடைக்கும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். இசை கற்பிக்கும் சிஸ்டரோ என்னைச் சிறிது நேரம் பாடவிட்டுக் கேட்டுவிட்டு, "நீ ஆர்மோனியத்தில் உட்காரம்மா" என்று சொல்லிவிட்டார்கள். தனிப்பாடல் வேறொருத்திக்குப் போயிற்று. அவள் என்னைவிட நன்றாகப் பாடுவாள் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில் வீங்கிய முகத்தோடு சுருளிப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போயிருந்தார்கள். தாத்தா மட்டும் திண்ணையில் இருந்தார். தாத்தாவை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, பெட்டிக்காரர் என்பார்கள். நாற்பது ஆண்டுகள் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். வள்ளி திருமணம் நடக்காத திருவிழா ஏது? விடிய விடிய மேடையின் ஓரத்தில் அமர்ந்து வாசித்துவிட்டு, காலையில் பெட்டியைத் துணியில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவாராம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாதம் வந்து அவருடைய இடக்கை விழுந்துவிட்டது. கட்டைகளில் ஓடும் வலக்கை நன்றாகத்தான் இருக்கிறது. காற்றுப் போடும் கைதான் போயிற்று. ஆகவே நான் விடுமுறையில் வரும்போதெல்லாம் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து துருத்தியை அசைப்பேன், அவர் வாசிப்பார்.

"என்ன தாயி, மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "பெட்டி முன்னால உக்காரச் சொன்னதுக்கா அழுதே? நான் ஆயுசு பூரா அங்கதான உக்காந்திருந்தேன்!"

"அது பக்கவாத்தியந்தானே தாத்தா! யார் கவனிக்கிறார்கள்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

தாத்தா மறுமொழி சொல்லவில்லை. அன்று மாலை பெட்டியை எடுக்கச் சொல்லவும் இல்லை. மறுநாள் நான் பேருந்து ஏறும்வரை சொல்லவில்லை.

திங்களன்று சிஸ்டரிடம் சென்று, ஆர்மோனியம் எனக்கு வேண்டாம் என்றேன். சிஸ்டர் கோபிப்பார்கள் என்று பயந்தேன். ஆனால் அவர்கள் கைப்பேசியை எடுத்து, "முதலில் இதைக் கேள்" என்று ஒரு மேனாட்டு இசையை ஒலிக்கவிட்டார்கள். புல்லாங்குழலும் வயலினும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் கலகலவென்று வெள்ளிச் சலங்கை சிதறுவதுபோல் ஏதோ ஓர் ஒலி. வீணையா என்று கேட்டேன். "பாதி சரி" என்றார்கள் சிஸ்டர்.

அதுதான் ஹார்ப்சிகார்டு. பார்வைக்குப் பியானோவின் தங்கை போலிருக்கும், உண்மையில் அக்காள். பியானோவில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டிலோ கட்டையை அழுத்தியதும் ஒரு மெல்லிய மரத்துண்டு மேலெழும்புகிறது. அதில் செருகியுள்ள பறவை இறகின் தண்டு தந்தியைச் சுண்டிவிடுகிறது. கட்டையை விட்டதும் மரத்துண்டு கீழிறங்க, அதிலுள்ள கம்பளித் துணுக்கு தந்தியைத் தொட்டு ஒலியை அடக்குகிறது. வீணையின் தந்தி, ஆர்மோனியத்தின் கட்டை! ஆனால் ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். இந்தக் குறையைப் போக்கத்தான் 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவைச் செய்தார். ஆர்மோனியத்துக்கும் இப்படி ஒரு குறை உண்டல்லவா? அதில் கமகம் பேசாது. அதைக் காரணங்காட்டி நம் அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதைத் தள்ளிவைத்தது; 1971இல்தான் தடை தளர்ந்தது. என் தாத்தா மேடையோரத்தில் வாசித்த ஆண்டுகளில் பாதி, அவருடைய பெட்டி வானொலிக்கு ஆகாத பெட்டி!

1600 முதல் 1750 வரையிலான காலத்தை மேனாட்டு இசையில் பரோக் காலம் என்கிறார்கள். அக்காலத்தில் ஹார்ப்சிகார்டு வாசிப்பவருக்கு முழுமையாக எழுதிய இசை கிடைப்பது அரிது. கீழ்க்குரலுக்கு உரிய ஒற்றை வரியும், அதன்மேல் சில எண்களும் மட்டும் இருக்கும். செல்லோவோ வயோலா ட காம்பாவோ அந்த வரியை வாசிக்கும். ஹார்ப்சிகார்டுக்காரர் எண்களைப் பார்த்து அங்கேயே, அந்த நொடியிலேயே, மேலே வேண்டிய சுரங்களை அடுக்கிக்கொள்ள வேண்டும். இதற்குப் பாஸோ கன்டினுவோ என்று பெயர். ஆரம்பம் முதல் இறுதிவரை நிற்காமல் ஓடுவதால் வந்த பெயர். கூட்டத்துக்கே தரை போட்டுக் கொடுக்கும் வேலை. தரையை யார் பார்க்கிறார்கள், அதன்மேல் ஆடுகிறவர்களைத்தானே பார்க்கிறோம்?

வெனிஸ் நகரில் பியத்தா என்னும் அனாதை இல்லத்தைப் பற்றியும் சிஸ்டர் சொன்னார்கள். தலைமுடி செந்நிறமாயிருந்ததால் 'சிவப்புச் சாமியார்' என்று பெயர் பெற்ற விவால்டி, குருப்பட்டம் பெற்ற 1703ஆம் ஆண்டிலேயே அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். கைவிடப்பட்ட பெண் குழந்தைகள் அங்கே வளர்ந்து, ஐரோப்பாவே வியக்கும் இசைக்குழுவாக ஆனார்கள். கோவில் மாடத்தில் கம்பித் தட்டிக்குப் பின்னால் இருந்து வாசித்தார்கள். கேட்க வந்தவர்களுக்கு அவர்கள் முகம் சரியாகத் தெரியாது. இன்னார் மகள் என்று சொல்ல வழியில்லாத அவர்களுக்கு வாசித்த கருவியே குடும்பப் பெயராயிற்று. வயலின் அன்னா மரியா என்பவள் அவர்களுள் பெரும்புகழ் பெற்றவள். வயலின் மட்டுமன்றி ஹார்ப்சிகார்டு, செல்லோ, மாண்டலின் என்று பலவும் வாசித்தாளாம். இதைக் கேட்டதும் எனக்குப் 'பெட்டிக்காரர்' நினைவு வந்துவிட்டது.

அதற்குள் கைப்பேசியில் ஒரு மாற்றம். புல்லாங்குழலும் வயலினும் மெல்ல மெல்ல ஒதுங்கின. ஹார்ப்சிகார்டு மட்டும் தனியே ஓடத் தொடங்கியது. முதலில் ஓடை, பிறகு காட்டாறு. மழைக்குப் பின் சுருளி அருவியில் தண்ணீர் விழுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். 65 தாளக் கட்டங்கள், ஏறக்குறைய மூன்று நிமிடம், வேறு ஒரு கருவியும் வாய் திறக்கவில்லை! பாக் எழுதி, 1721ஆம் ஆண்டு பிராண்டன்பர்க் பிரபு ஒருவருக்குக் காணிக்கையாக அனுப்பிய ஆறு கன்செர்டோக்களில் இது ஐந்தாவது. அதுவரை அடியில் கிடந்த கருவிக்கு இப்படி ஓர் இடத்தை யாரும் கொடுத்ததில்லை என்றார்கள் சிஸ்டர். 1719இல் பாக் தாமே பெர்லினுக்குச் சென்று, தம் எஜமானரின் அரண்மனைக்கு ஒரு புதிய ஹார்ப்சிகார்டு கொண்டுவந்தாராம். அதன் குரலில் மயங்கித்தான் இதை எழுதினார் போலும்!

"இந்தப் பாக் உங்கள் பக்கத்துக்கும் வந்திருக்கிறார், தெரியுமா?" என்றார்கள் சிஸ்டர். எனக்குத் தெரியவில்லை. பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்த இளையராஜா, 1986இல் 'ஹௌ டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டுத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஒன்றின் தலைப்பே, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்பது. பாக் ஒற்றை வயலினுக்காக எழுதிய ஒரு முன்னிசையை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி வேறு குரல்களை இவர் பின்னியிருக்கிறார். வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அதே முன்னிசையைப் பாக்கே 1731இல் ஆர்கனுக்கு மாற்றி, மற்றக் கருவிகளைச் சுற்றி நிறுத்தியிருக்கிறார். நம் பள்ளத்தாக்கின் மேடைகளில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியம் வாசித்துத் திரிந்த ஒருவர் இந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக் கிடந்தேன்.

ஆண்டு விழாவில் ஆர்மோனியம் வாசித்தேன். சென்ற ஆண்டு மலரில் அப்படம் வெளிவந்தது. அதில் ஆர்மோனியம் தெரிகிறது, நான் தெரியவில்லை.

விடுமுறைக்கு ஊர் போனபோது, அப்பாவின் கைப்பேசியில் இரண்டையும் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். இளையராஜாவைக் கேட்டதும், "அந்தப் பிள்ளைக பாட்டுக் கட்டி வாசிச்சத நேர்ல பாத்திருக்கேன்" என்றார். பாக்கைக் கேட்கும்போது ஒன்றும் பேசவில்லை. வலக்கை விரல்கள் மட்டும் முழங்காலின்மேல் அசைந்துகொண்டிருந்தன. ஹார்ப்சிகார்டு தனியே ஓடி முடித்து, மற்றவை வந்து சேர்ந்துகொண்டபோதுதான் கேட்டார்.

"பெட்டிக்காரனுக்கு இம்புட்டு இடம் யாரு தாயி குடுத்தா?"

"எழுதினவரே பெட்டிக்காரர்தான் தாத்தா."

"அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அன்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். வாய் வரவில்லை. அவரும் அதைக் கிளறவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்தப் பெட்டிய இங்கிட்டு எடு" என்றார்.

துணியை அவிழ்த்தேன். பின்னால் அமர்ந்து துருத்தியைப் பிடித்தேன்.