சீனி குறைஞ்சிட்டுது

காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினால், பிறகு சிதம்பரத்துக்கு பஸ்தான். பாஷைப் பிரச்சினை இல்லாத வெளிநாடு எண்ட தைரியத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நடராசரைக் கும்பிடாமல் சாப்பிடமாட்டன் எண்டு அம்மா பிடிவாதம். ஆனால் காலைக் குளிசையை நான்தான் எடுத்துக் குடுத்தேன். கும்பிட்டு வெளியே வரப் பதினொரு மணி. கீழ வீதித் தேத்தண்ணிக் கடையொன்றில் சீனி போடாமல் ரெண்டு சொன்னேன். அம்மா தொடவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்குது. "மாடு அவிட்டுக்கொண்டு ஓடுது, பிடி" எண்டா. எங்கட வீட்டில் மாடு நின்றது நான் பிறக்க முந்தி.

"அம்மாவுக்கு வருத்தம், கெதியா வாங்கோ!"

கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். "என்னம்மா வருத்தம்? யாராச்சும் திட்டிட்டாங்களா?"

"சீனி குறைஞ்சிட்டுது!"

"நீதானம்மா போட வேணாம்னு சொன்ன?" சீனி டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

இப்ப சிரிப்பு வருது. அப்ப அழுதுகொண்டு நின்றேன். பக்கத்தில் பூ விற்ற அக்காதான் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்து, "லோ சுகரு" எண்டா. அதே டப்பாவிலிருந்து மூன்று கரண்டி அள்ளித் தண்ணியில் கரைத்து, விழுங்குகிறாவா எண்டு பார்த்துப் பார்த்துப் பருக்கினோம். நினைவு தப்பியிருந்தால் அதுவும் செய்யக்கூடாது, புரைக்கேறிவிடும்.

என் விரல் தன்பாட்டில் 1990 ஐ அழுத்தியிருந்தது. எங்கட அம்புலன்ஸ் நம்பர்! (2016 இல் இந்திய உதவியோடு, அங்கத்தைய 108 ஐப் பார்த்துத்தான் அதைத் தொடங்கினவை.) பூக்கார அக்கா தன் போனில் 108 அடித்தா. வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது 58. அவ்வளவு சீனி குடித்த பிறகும் 58.

ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை எண்டு கேட்டார்கள். "வெள்ளைக் குளிசை" எண்டேன். வேறொன்றும் எனக்குத் தெரியாது. கிளினிக் கொப்பி வீட்டில். தங்கச்சி அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: மெட்போர்மின், கிளிக்ளசைட். இரண்டாவதுதான் ஆள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்குமாம். "சாப்பிடலைன்னா இதைக் குடுக்கக் கூடாதும்மா" எண்டார் டொக்டர். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவிடம் அதைச் சொல்ல ரெண்டு நாள் எடுத்தது.

கப்பலில் திரும்பும்போதுதான் சொன்னேன். அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நான் அண்டைக்கு என்ன பிதற்றினனான்?"

"மாடு அவிட்டுக்கொண்டு ஓடுது எண்டு."

"அது சிவலை" எண்டா அம்மா. "சரியான குழப்படி."