விலையை யார் சொல்வது?

கேட்டில் அட்டையைக் கட்டிய அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது. ‘வீடு விற்பனைக்கு’ என்று அண்ணன் தன் கையாலேயே எழுதி, கீழே என் நம்பரைப் போட்டிருந்தார்.

“ஓனருங்களா மேடம்? பார்ட்டி ரெடியா இருக்கு. கடைசி விலை சொல்லுங்க.”

முதல் விலையே எங்களுக்குத் தெரியாது. கடைசி விலைக்கு நான் எங்கே போவேன்?

நான்கு நாட்களில் இருபத்தேழு அழைப்புகள். ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அதில் தனக்கே வாங்கப்போவதாகச் சொன்னவர்கள் மூன்று பேர். மற்ற எல்லாரும் புரோக்கர்கள். புரோக்கர் இல்லாமல் விற்க வேண்டும் என்றுதான் அட்டையே கட்டினோம்!

வீடு பெரிய முதலியார்சாவடியில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் சென்னைப் பக்கம் போனால், கோட்டக்குப்பம் தாண்டியதும் வரும் ஊர். ஆரோவில் போகிறவர்கள் இங்கேதான் மெயின் ரோட்டை விட்டுத் திரும்புவார்கள். என் சின்ன வயதில் சவுக்குத் தோப்பும் முந்திரியுமாக இருந்த இடத்தில் இப்போது கெஸ்ட் ஹவுஸ், கஃபே, வாடகை ஸ்கூட்டர். எங்கள் வீடு ரோட்டுக்கு மேற்கே உள்தெருவில். ஐந்து சென்ட் மனை. ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்னால் கிணறு.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதினார். காலையில் முதல் பஸ்ஸில் வடக்கே போய், இருட்டிய பிறகு திரும்புவார். அந்தச் சம்பளத்தில் 1987-ல் மனை வாங்கி, இரண்டு வருடம் கழித்துக் கட்டிய வீடு. தரகர் என்றாலே அப்பாவுக்கு ஆகாது. “வெயில்ல நின்னு உப்பு வாருறவன் ஒருத்தன், விலை சொல்றவன் இன்னொருத்தன்” என்பார். அந்தப் பேச்சு அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டது.

2019-ல் அப்பா போன பிறகு அம்மா என்னோடு புதுச்சேரிக்கு வந்துவிட்டார். வீடு பூட்டியே கிடந்தது. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். வாரம் ஒருநாள் திறந்து பெருக்கி, விளக்கேற்றி வைப்பார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஓடு சரிந்து, ஒரு பக்கச் சுவர் ஊறி உட்கார்ந்துவிட்டது. ரிப்பேருக்குச் செலவழிக்க யாரிடமும் தெம்பில்லை. பொங்கலுக்குக் கூடியபோது விற்றுவிடலாம் என்று முடிவானது.

திருப்பூரிலிருக்கும் அண்ணனின் கணக்கு எளிது. “புரோக்கர் ரெண்டு பர்சென்ட் கேப்பான். நாப்பது லட்சம்னா எண்பதாயிரம். எதுக்குக் கொடுக்கணும்? போன்லயே விக்கலாமே.” திண்டிவனத்து அக்கா, “எது செஞ்சாலும் சீக்கிரம் செய்யுங்க” என்றார். அப்படித்தான் அந்த அட்டை கேட்டுக்கு ஏறியது.

போனில் வந்த விலைகள் எங்களைச் சுற்றவிட்டன. ஒருவர் இருபத்தைந்து லட்சம் என்றார், இன்னொருவர் ஐம்பது என்றார். ஐம்பது சொன்னவர் நேரிலேயே வந்தார். ஒரு லட்சம் அட்வான்ஸ் தருவாராம். ஆறு மாதத்துக்கு அக்ரிமென்ட், கூடவே அவர் பெயருக்கு ஒரு பவர். “நீங்க ஒண்ணும் அலைய வேணாம், எல்லாம் நான் பாத்துக்குறேன்.”

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மா மட்டும் கேட்டார். “ஆறு மாசத்துல விக்கலைன்னா?”

அவர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகிவிட்டால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். பிறகு நாங்களாக வேறொருவருக்கு விற்க நினைத்தாலும், அவர் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். அவர் ஐம்பதுக்கு வாங்குகிறவர் இல்லை. ஒரு லட்சத்தில் வீட்டைப் பிடித்துவைத்து, மேலே விலை சொல்லி வேறு ஆளுக்குக் கைமாற்றப் பார்ப்பவர். பவர் என்பதும் விற்கும் அதிகாரம்தான், சொத்து அதில் கைமாறுவதில்லை. உச்ச நீதிமன்றம் 2011-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அந்த அதிகாரம் தெரியாத ஆளிடம் போனால், என்ன விலைக்கு விற்றார் என்பதே நமக்குக் கடைசியில்தான் தெரியும்.

அன்றைக்கே அட்டையைக் கழற்றினோம்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்காவே வந்தார். அவர் வீட்டுக்காரர் கொத்தனார். மகனுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. “அத்த, வேற யாருக்கோ போறதுக்கு எங்களுக்கே கொடுத்துடுங்களேன்” என்றார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

புரோக்கர் இல்லை, கமிஷன் இல்லை, பழகின மனுஷி. இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே! காபி குடித்தோம். புயலைப் பற்றிப் பேசினோம். கல்யாணப் பெண்ணின் ஊர், படிப்பு, நகை எல்லாம் பேசினோம். விலையை மட்டும் யாரும் பேசவில்லை. ஆறு வருடம் ஒரு பைசா வாங்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவரிடம் எப்படி நம்பர் சொல்வது? கடைசியில் அவரே தரையைப் பார்த்துக்கொண்டு, “முப்பது வரைக்கும் புரட்டலாம் அத்த” என்றார். அம்மா தலையாட்டினார். அது ‘சரி’யா, ‘பார்க்கலாம்’ என்பதா என்று அவருக்கே தெரியாது.

ராத்திரி போனில் அண்ணன் வெடித்தார். “முப்பதா? அம்மாவை யாரு தலையாட்டச் சொன்னது? நீ பக்கத்துலதானே இருந்த?” நானும் பதிலுக்குப் பேசிவிட்டேன். பத்து நாள் அண்ணன் எனக்குப் போன் செய்யவில்லை. இடையில் பெங்களூரு பார்ட்டி ஒன்று வந்தது. நாற்பத்து நாலு லட்சம், ஆனால் பாதிதான் பத்திரத்தில் வரும், பாதி ரொக்கம். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். அந்தப் பணத்தை நாலு பங்காக்கி பாங்கில் எப்படிக் காட்டுவது? நானும் அக்காவும் வேண்டாம் என்றோம். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் சம்மதமில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் போனேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊரில் மனை வாங்க, விற்க நடுவில் நிற்பவர். அப்பா திட்டிய அதே தரகு வேலைதான். அவரிடம் லைசென்ஸ் ஏதாவது இருக்குமா என்று முதலில் யோசித்தேன். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, புதிய மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்றுத் தரும் ஏஜென்ட்டுகள் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற பழைய தனி வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆளைத்தான் நம்ப வேண்டும்.

அவர் விலையே கேட்கவில்லை. “பத்திரம், பட்டா, ஈ.சி. எடுத்துட்டு வாம்மா” என்றார். ஈ.சி.யைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம் என்றுகூட எனக்கு அதுவரை தெரியாது. 1987-லிருந்து போட்டுப் பார்த்தார். ஐந்தாவது நிமிடம் விரலை வைத்தார்.

“1994-ல அடமானம் ஒண்ணு இருக்கே, அடைச்சாச்சா?”

அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய கடன் அது. எப்போதோ அடைத்தாயிற்று. ஆனால் அடைத்ததற்கான ரசீதுப் பத்திரத்தை அப்பா பதிவு செய்யவே இல்லை. முப்பது வருடமாக வீடு காகிதத்தில் அடமானத்திலேயே கிடக்கிறது! கணக்கெழுதிப் பிழைத்த மனிதர் விட்ட ஒரே கணக்கு. வாங்குகிறவர் பாங்க் லோன் போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். பட்டாவும் இன்னும் அப்பா பெயரில்தான். வாரிசுச் சான்றிதழும் வாங்கவில்லை.

“இதெல்லாம் நீங்கதான் செய்யணும். நான் செய்ய முடியாது” என்றார். செய்தோம். பாங்குக்கு நடந்து, தாலுகா ஆபீசுக்கு நடந்து, மூன்று மாதம் ஆனது. எந்தப் புரோக்கர் வந்தாலும், வராவிட்டாலும் இந்த வேலை நம் தலையில்தான்.

அதெல்லாம் முடிந்த பிறகுதான் அவர் விலைக்கு வந்தார். அரசு வழிகாட்டி மதிப்பு எவ்வளவு, பக்கத்து சர்வே நம்பர்களில் சமீபத்தில் பதிவான பத்திரங்கள் என்ன விலை காட்டுகின்றன, உண்மையில் கைமாறியது எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி.

“நீங்க நாலு பேரு. நாலு பேருக்கும் ஒரே விலைதானா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் மனதில் நாற்பத்தைந்து. என் மனதில் முப்பத்தைந்து. அக்காவுக்கு எதுவானாலும் சரி. அம்மாவுக்கு, அந்த அக்காவுக்கே போக வேண்டும். அப்பா உயில் எழுதவில்லை. அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் சம பங்கு, நாலு கையெழுத்தும் வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் விலை சொல்லக் கூச்சப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எங்களுக்குள்ளேயே நாங்கள் விலை பேசிக்கொள்ளவில்லை.

“முதல்ல நீங்க ஒரு நம்பருக்கு வாங்க. அப்புறம் நான் போய்ப் பேசுறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இரண்டு மணி நேரம் பேசினோம். அண்ணன் அன்றுதான் சொன்னார், மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று. நாற்பத்தைந்து என்று அவர் நின்றதன் காரணம் எங்களுக்கு அதுவரை தெரியாது. கடைசியில் முப்பத்தெட்டு என்று நின்றது. அம்மா தன் பங்கிலிருந்து இரண்டு லட்சம் அண்ணனுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அக்காவும் நானும் சரி என்றோம்.

பெரியவர் பக்கத்து வீட்டுக்கு மூன்று முறை போய்வந்தார். நாங்கள் சொல்ல முடியாத முப்பத்தெட்டை அவர் அங்கே சொன்னார். பத்திரச் செலவு இருக்கிறதே என்று அவர்கள் எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டதை இங்கே வந்து சொன்னார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முப்பத்தேழு லட்சத்துக்கே மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரம் ஆகிறது. அது வாங்குகிறவர் தலையில். முப்பத்தேழில் முடிந்தது. கொஞ்சம் பாங்க் லோன், கொஞ்சம் நகை, மீதி அவர்கள் சேமிப்பு. எல்லாமே பாங்க் மூலம்.

பெரியவருக்கு ஒரு சதவீதம், எங்கள் பக்கம் மட்டும். பத்திரம் பதிவான பிறகுதான், அவர் பெயருக்கு அக்ரிமென்ட்டோ பவரோ கிடையாது என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தோம். முப்பத்தேழாயிரம் கொடுத்தபோது அண்ணனே எண்ணிக் கொடுத்தார்.

தெரிந்தவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள், நேரடியாக விற்பதா, புரோக்கரா என்று. கையில் எல்லாக் காகிதமும் சுத்தமாக இருந்து, வாங்குபவர் தெரியாத ஆளாக இருந்தால் நீங்களே விற்கலாம். வக்கீல் ஃபீஸ் கமிஷனைவிடக் குறைவு. தெரிந்தவருக்கு விற்பதாக இருந்தால்தான் நடுவில் ஓர் ஆள் வேண்டும். எல்லாரும் நினைப்பதற்கு இது நேர்மாறு, எனக்குத் தெரியும். யாரை வைத்துக்கொண்டாலும் அவர் பெயருக்கு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

பதிவு முடிந்து வெளியே வந்ததும் அம்மா சாவியை நீட்டினார். “எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே அத்த” என்று சிரித்தார் அந்த அக்கா. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அண்ணனுக்கு இன்னும் அந்த ஏழு லட்சம் உறுத்துகிறது. ஈ.சி.ஆர். மனை விலை என்று எங்கே விளம்பரம் பார்த்தாலும் எனக்கு அனுப்புவார். நான் பதில் போடுவதில்லை. போன மாதம் அந்தப் பையன் கல்யாணத்துக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். புதுச்சுவர் எழுப்பிய திண்ணையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஊருக்குக் கிளம்பும்போது அந்த அக்கா ஒரு பை நிறைய மாங்காய் கொடுத்தார். எங்கள் மரத்து மாங்காய்தான்.