துப்பாக்கி மண்வெட்டியான நாட்டில்

முத்துக்குளித்துறையில் கால் வைப்பதற்கு முன்னர், புனித சவேரியார் ஆறு திங்கள் எங்கே தங்கியிருந்தார்? அவருடைய திருப்பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் நம் குடும்பங்களிற் பல, இக்கேள்விக்கு விடை கூறத் தயங்கும். 1541ஆம் ஆண்டு ஏப்ரலில் இலிஸ்பன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட அவரது கப்பல், ஆகஸ்டு இறுதியில் ஆப்பிரிக்காவின் கீழைக் கடலோரத்தில் உள்ள மொசாம்பிக் தீவை அடைந்தது. கோவாவுக்குச் செல்ல வேண்டிய பருவக் காற்று கடந்துவிட்டதால், 1542 பிப்ரவரி இறுதி வரை அத்தீவிலேயே தங்கி, நோயுற்ற கப்பலாட்களுக்குப் பணிவிடை செய்து வந்தார் அவர். அந்தத் தீவிலிருந்தே நமது பயணத்தையும் தொடங்குவோம்.

மூன்று கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமுமே உடைய இச்சிறு தீவுதான், எட்டு இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள, அதாவது தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்கு பெரிய, ஒரு நாட்டுக்குத் தன் பெயரை ஈந்துள்ளது. தீவின் முனையில், அலைகள் மோதும் பாறைமீது, 1522இல் கட்டப்பட்ட அன்னை மரியாளின் சிற்றாலயம் இன்றும் நிற்கிறது. அப்பால் பள்ளிவாசல் உண்டு; இந்துக்களின் கோவிலும் உண்டு. 1752 வரை இந்நாட்டைக் கோவாவிலிருந்த போர்த்துக்கீசிய ஆளுநர்களே ஆண்டனர் என்பதை எண்ணும்போது, கடல் எவ்வளவு நாடுகளைப் பிரிக்கின்றதோ அவ்வளவு இணைக்கவும் செய்கின்றது என்பது புலனாகும்.

ஆனால் இத்தீவின் ஓலைக் குடிசைப் பகுதியில் நடக்கும்போது வேறொரு வரலாறும் நம் கண்ணிற் படுகின்றது. குடிசையோடு குடிசை ஒட்டிக்கொண்டு, மூச்சுவிடவும் இடமின்றி நெருங்கி நிற்கின்றன. போர்க்காலத்திலே பெருநிலத்திலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடி வந்தோர் இங்கே வந்து நிறைந்தனர். அது அந்நியனை எதிர்த்து நடந்த போரன்று. பங்காளிகளுக்குள் மூண்ட போர்.

பங்காளிச் சண்டை

போர்த்துக்கீசிய ஆட்சியை எதிர்த்து 1964 முதல் போராடிய பிரெலிமோ இயக்கம், 1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் விடுதலையைப் பெற்றுத் தந்தது. சமோரா மாஷெல் முதற் குடியரசுத் தலைவரானார். ஒரே கட்சி, ஒரே கொள்கை என்பது ஆட்சியின் நெறியாயிற்று. திருச்சபையின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசுடைமையாயின. உழவர்கள் தம் சிற்றூர்களை விட்டுக் கூட்டுக் குடியிருப்புகளுக்குச் செல்லுமாறு நெருக்கப்பட்டனர். பரம்பரை ஊர்த்தலைவர்கள் ஒதுக்கப்பட்டனர். மனக்குறை எங்கும் புகைந்தது.

வீட்டுச் சண்டையில் அடுத்த வீட்டான் நுழைந்தால் என்ன ஆகும் என்பது நாம் அறியாததா? அன்று ரொடீசியாவை ஆண்ட வெள்ளையரின் உளவுத்துறை, இந்த மனக்குறையைப் பயன்படுத்தி ரெனாமோ என்னும் படையை உருவாக்கிற்று. 1980க்குப் பின்னர் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு அதனை ஊட்டி வளர்த்தது. பள்ளிகளும் மருந்தகங்களும் எரிக்கப்பட்டன. சிறுவர்கள் கடத்தப்பட்டு, கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டுச் சொந்த ஊரார் மீதே ஏவப்பட்டனர். அரசுப் படையினரின் கைகளும் தூய்மையாக இருக்கவில்லை. 1977 முதல் 1992 வரை நீடித்த இப்போரிலும் அதனால் விளைந்த பஞ்சத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். சுமார் ஐம்பது இலட்சம் பேர் வீடிழந்தனர். அண்டை நாடாகிய மலாவியில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கலம் புகுந்தனர்.

பெய்ராவின் பேராயர்

தீவை விட்டுத் தெற்கே நெடுந்தொலைவு சென்றால், புங்குவே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெய்ரா துறைமுக நகரம் நம்மை எதிர்கொள்கின்றது. 1955இல் செல்வர்களுக்கென்று திறக்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே மூடப்பட்ட பெரிய உல்லாச விடுதியொன்று இங்கே உண்டு. சன்னல்களும் கதவுகளும் அற்றுப்போன அக்கட்டடத்தில் ஆயிரக்கணக்கான ஏழைகள் குடியிருந்து வருகின்றனர். அவர்களுட் பலருடைய குடும்பங்கள் போருக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்தவை. 2019 மார்ச்சில் வீசிய இடாய்ப் புயல் இந்நகரைச் சின்னாபின்னமாக்கிற்று. அதையும் தாங்கிக்கொண்டு மக்கள் எழுந்து நிற்கின்றனர்.

இந்நகரின் பேராயராக இருந்தவர் ஜைமே கொன்சால்வெஸ். போர் உச்சத்தில் இருந்த 1980களில், எதிரியோடு பேசுங்கள் என்று மொசாம்பிக் ஆயர்கள் மடலுக்கு மேல் மடல் எழுதினர். கொள்ளைக்காரரோடு பேச்சு என்ன என்று ஆட்சியாளர் சினந்தனர். ஆயினும் பேராயர் சோர்ந்துவிடவில்லை. ரெனாமோவின் தலைவர் அபோன்சோ திலாக்கமாவை 1988இல் காட்டுக்குள்ளேயே சென்று கண்டு பேசினார். இருவரும் ஒரே வட்டாரத்தினர், ஒரே தாய்மொழியினர். அந்த ஒரு கயிற்றைப் பற்றிக்கொண்டே அமைதிக் கிணற்றில் இறங்கினார் பேராயர் எனலாம்.

அவருக்குத் துணையாக வாய்த்தது உரோமைப் பொதுநிலையினர் குழுமமாகிய சந்த் எஜிதியோ. திராஸ்தேவெரே என்னும் பகுதியில் கர்மேல் சபைக் கன்னியரின் பழைய மடமொன்றில் அவர்கள் கூடிச் செபிப்பது வழக்கம். 1990 ஜூலையில் அம்மடத்தில்தான் அரசின் தூதுவரும் ரெனாமோவின் தூதுவரும் முதன்முறையாக எதிரெதிரே அமர்ந்தனர். குழுமத்தைத் தொடங்கிய அந்திரேயா ரிக்கார்தி, இளங்குருவாயிருந்த மத்தேயோ சுப்பி, இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரப்பேல்லி, நமது பேராயர் ஆகிய நால்வரும் நடுவராயிருந்தனர். அந்த இளங்குருதான் பின்னர் பொலோஞ்ஞாவின் பேராயராகி, 2019இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டவர்.

இந்நடுவர்களிடம் படையில்லை, பணமில்லை. எவரையும் அச்சுறுத்தவோ விலைக்கு வாங்கவோ வழியில்லை. பிரிப்பவற்றை ஒருபுறம் வைத்து, இணைப்பவற்றை முதலில் தேடுங்கள் என்பது ஒன்றே அவர்களின் முறை. முதற் கூட்டத்தின் முடிவில், ஜூலை 10ஆம் நாள் வெளியிட்ட கூட்டறிக்கையில், இரு தரப்பினரும் தம்மை ஒரே நாட்டினராகவும், மொசாம்பிக் என்னும் பெருங்குடும்பத்தின் உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டனர். பகைவன் என்ற சொல் நீங்கிக் குடும்பம் என்ற சொல் நுழைந்தது. பேச்சுக்குக் கதவு திறந்தது. பதினொரு சுற்றுகள், இருபத்தேழு திங்கள் சென்றன. 1992ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அசிசியாரின் திருநாளன்று, குடியரசுத் தலைவர் சிசானோவும் திலாக்கமாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். இன்றும் அந்நாள் அந்நாட்டின் அமைதித் திருநாள்.

கையெழுத்துக்குப் பின்

கையெழுத்து என்பது திருமண ஒப்பந்தத்தைப் போன்றது. இல்லறம் அதற்குப் பின்னரே தொடங்குகின்றது. அதே 1992ஆம் ஆண்டில் அங்கோலா நாட்டில், படைகளைக் கலைக்குமுன் தேர்தலை நடத்தினர். தோற்றவர் மறுபடியும் துப்பாக்கியை எடுத்தார். இதனைக் கண்ட ஐக்கிய நாடுகள் சபை, மொசாம்பிக்கில் தேர்தலை 1994 வரை ஒத்திவைத்து, படைகளைக் கலைப்பதற்கு முதலிடம் தந்தது. நாற்பத்தொன்பது முகாம்களில் இரு படையினரும் வந்து ஆயுதங்களை ஒப்படைத்தனர். இந்திய வீரர்களும் அந்த அமைதிப் பணியிற் பங்கு கொண்டனர். வீடு திரும்பிய முன்னாள் வீரர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை வழங்கப்பட்டது. காட்டுப் படை ஒன்று அரசியல் கட்சியாக மாறுவதற்கு வேண்டிய அலுவலகங்களுக்கும் செலவுகளுக்கும் தனி நிதியம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. அமைதிக்கும் விலை உண்டு. ஆயினும் அது போரின் விலையினும் குறைவே.

1994 அக்டோபர் 27ஆம் நாள் வாக்களிப்புத் தொடங்க இருந்தது. அதற்கு முன்னாள் இரவு, தேர்தலில் பங்கெடுக்க மாட்டோம் என்று திலாக்கமா அறிவித்தார். நாடே திகைத்தது. ஆனால் மக்கள் திகைக்கவில்லை. விடியுமுன்னரே வந்து வரிசையில் நின்றனர். தலைவரும் மனம் மாறித் திரும்பினார்; வாக்களிப்பு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. பதிவு செய்தோருள் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் வாக்களித்தனர். 250 இடங்களில் பிரெலிமோவுக்கு 129, ரெனாமோவுக்கு 112. காட்டில் திரிந்தவர்கள் கழுத்துப்பட்டை அணிந்து சட்டமன்றத்தில் அமர்ந்தனர்.

ஊர்களிலும் ஓர் ஒப்புரவு நடந்தது. போரிலிருந்து திரும்பிய இளைஞரை ஊர்ப் பெரியோரும் நாட்டு வைத்தியரும் மூலிகை நீரால் கழுவி, பழைய உடையைக் களைந்து, மீண்டும் ஊரோடு சேர்த்துக்கொண்டனர். சட்டம் எழுதாத மன்னிப்பு அது. வயல்களில் புதைந்திருந்த கண்ணிவெடிகளை அகற்றும் பணியோ மெல்லவே நடந்தது. மோப்பம் பிடிக்கப் பழக்கிய பெரிய எலிகளையும் அதற்குத் துணையாகக் கொண்டனர். 2015ஆம் ஆண்டில்தான் நாடு கண்ணிவெடி அற்றதென அறிவிக்கப்பட்டது.

கோரங்கோசா சொல்லும் பாடம்

பெய்ராவிலிருந்து உள்நாட்டை நோக்கிச் சென்றால் கோரங்கோசா மலை தென்படும். அதன் அடிவாரத்தில் புகழ்பெற்ற விலங்குப் பூங்கா. போரின்போது ரெனாமோவின் தலைமைப் பாசறை இவ்வட்டாரத்திலேயே இருந்தது. யானைகளும் எருமைகளும் இறைச்சிக்காகவும் தந்தத்துக்காகவும் ஏறக்குறைய அற்றுப்போயின. 2004க்குப் பின் பெருமுயற்சியால் அவை மீண்டும் பெருகி வருகின்றன. காட்டை மீட்பதைவிட நம்பிக்கையை மீட்பது கடினம் என்பதையும் இம்மலையே நமக்குக் கற்பிக்கின்றது.

நாட்டின் நடுப்பகுதி மாகாணங்கள் பலவற்றில் ரெனாமோ பெருவாரியான வாக்குகளைப் பெற்றும், அங்கெல்லாம் ஆளுநரை நியமித்தது தலைநகரிலிருந்த ஆளுங்கட்சியே. பேச இடம் கிடைத்தது. ஆளும் பொறுப்பில் பங்கு கிடைக்கவில்லை. 1999 தேர்தலில் சிசானோவுக்கும் திலாக்கமாவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. எண்ணிக்கையில் முறைகேடு என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. காட்டில் ஒரு சிறு படை கலைக்கப்படாமலே இருந்தது. 2013இல் மீண்டும் துப்பாக்கி முழங்கிற்று. நெடுஞ்சாலையில் வண்டிகள் படைக்காவலோடு செல்ல நேர்ந்தது. திலாக்கமா இம்மலைக்கே திரும்பி, 2018 மே திங்களில் இங்கேயே உயிர் நீத்தார்.

பின்னர் மாகாண ஆளுநர்கள் மக்கள் வாக்கின் வழியே வரும்படி அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 2019 ஆகஸ்டு முதல் நாள், இந்தப் பூங்காவிற்குள்ளேயே, அன்றைய குடியரசுத் தலைவர் நியூசியும் ரெனாமோவின் புதிய தலைவர் மொமாதேயும் சண்டையை நிறுத்தக் கையெழுத்திட்டனர். அடுத்த திங்களில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டுக்குச் சென்று ஒப்புரவை வலியுறுத்தினார். 2023 ஜூனில் கடைசிப் பாசறையும் மூடப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆயுதம் துறந்தனர். 1992இல் தொடங்கிய பணி, முப்பதாண்டு கடந்து முடிந்தது.

தலைநகரில்

தெற்கே, தலைநகராகிய மபூட்டோவில் வெண்ணிறப் பேராலயம் ஓங்கி நிற்க, அதன் அருகே சமோரா மாஷெலின் பெருஞ்சிலை. இந்நகரின் கலைக்கூடங்களில் நம் உள்ளத்தைத் தொடும் ஒரு காட்சியுண்டு. துப்பாக்கிக் குழல்களும் விசைகளும் வெட்டப்பட்டு, பற்றவைக்கப்பட்டு, நாற்காலிகளாகவும் பறவைகளாகவும் இசைவாணர்களாகவும் உருமாறியுள்ளன. மக்கள் ஒளித்து வைத்திருந்த ஆயுதங்களைக் கொண்டுவந்து தந்தால், அவற்றுக்கு ஈடாக மண்வெட்டி, தையற்பொறி, மிதிவண்டி முதலியவற்றை வழங்கும் திட்டத்தை 1995இல் அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்தியவர் ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானே. வாட்கள் கலப்பைக் கொழுவாகும் காலத்தை இறைவாக்கினர் எசாயா கண்டார். இங்கே அது பழைய இரும்புக் கணக்கில் எழுதப்பட்டு, ஏழை உழவனின் தோளில் ஏறிச் சென்றது.

எனினும் இந்நாட்டின் துயரம் தீர்ந்துவிடவில்லை. வடகோடியில் உள்ள காபோ தெல்காதோ மாகாணத்தில் 2017 முதல் வேறொரு கிளர்ச்சி நிலவி, இலட்சக்கணக்கானோரை அகதிகளாக்கியுள்ளது. 2024 அக்டோபர்த் தேர்தலில் நடந்த முறைகேடுகளை அந்நாட்டு ஆயர் பேரவை வெளிப்படையாகக் கண்டித்தது. மபூட்டோவின் தெருக்களில் கிளர்ந்தெழுந்த இளைஞருள் பலர் 1992க்குப் பின் பிறந்தவர்கள். காவலரின் குண்டுகளுக்கு நூற்றுக்கணக்கானோர் இரையாயினர். 2025 மார்ச்சில் குடியரசுத் தலைவர் சாப்போவும் பல கட்சித் தலைவர்களும் சீர்திருத்தப் பேச்சுக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டனர்.

மூன்று முறை மூண்ட இப்பூசல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். மனிதன் துப்பாக்கியைக் கீழே வைப்பது, வாக்குச்சீட்டு தன்னை ஏமாற்றாது என்று நம்பும்போதுதான். அந்நம்பிக்கையைக் காப்பது உடன்படிக்கைத் தாளன்று. நேர்மையாக எண்ணப்படும் ஒவ்வொரு வாக்கும், தோற்றவனுக்கும் தரப்படும் மரியாதையும், ஏழையின் பங்கு ஏழைக்கே சேர்வதும்தான்.

வரும் அக்டோபர் 4ஆம் நாள் அசிசியாரின் திருநாளில் நம் இல்லங்களில் செபமாலை சொல்லும்போது, மொசாம்பிக் மக்களுக்காக ஒரு பத்து மணி ஒப்புக்கொடுப்போம். பாகப் பிரிவினையில் முகம் திருப்பிக்கொண்ட உடன்பிறப்பு நமக்கும் இருக்கக் கூடும். அவர் வீட்டு வாசலில் முதலில் போய் நிற்க வேண்டியவர் நாமே.