ஒரு கெர்னல், பல வாசல்கள்

ஒக்டோபர் 19, 2024, சனி

பசறையில் பின்னேரம் முழுக்க மழை. நமுனுகுல மலை கண்ணுக்கே தெரியவில்லை. தோட்டத்துப் படிப்பகத்தில் பயோஸில் ஓடும் பழைய கணினிகளோடு யூஇஎஃப்ஐ உள்ள மடிக்கணினி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மழைமானிக்கென்று ஒரு சின்ன ஏஆர்எம் பலகையும் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் போடப்போகிறோம்.

"ஒரே லினக்ஸ்தானே சேர், ஏன் வேற வேற பைல்?" என்று ஏ.எல். படிக்கும் பிள்ளை கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். மூலநிரல் ஒன்று, ஏஆர்எம்முக்கு அதைத் தனியாகக் கட்டவேண்டும். கட்டி முடித்ததும் முதலில் கிடைப்பது விஎம்லினக்ஸ் என்ற ஈஎல்எஃப் பைல். கணினி எழும்போது கெர்னலை ஏற்றும் பூட் லோடர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதை அப்படியே ஏற்றத் தெரியாது. எந்த லோடர் எதை எதிர்பார்க்கிறதோ, அந்த வடிவத்தில் கொடுக்கவேண்டும்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

பிசிக்கான கெர்னல் பைலான பிஇசட்இமேஜின் பைட்டுகளைத் திரையில் விரித்துக் காட்டினேன். பூச்சியத்திலிருந்து எண்ணினால் 514ஆவது பைட்டில் 'எச்டிஆர்எஸ்' என்ற நான்கு எழுத்துகள். பயோஸ் கணினியில் கிரப் என்ற லோடர் அதைப் பார்த்துத்தான் இது லினக்ஸ் கெர்னல் என்று அறிகிறது. பைலின் தொடக்கத்திலோ 'எம்இசட்' என்ற இரண்டு எழுத்துகள். 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பிலிருந்து, யூஇஎஃப்ஐக்கான வசதியோடு கட்டினால், யூஇஎஃப்ஐ இதே பைலை நேரடியாக இயக்கும். பழைய கணினிக்கும் மடிக்கணினிக்கும் ஒரே பைல் போதும். நுழையும் வாசல்தான் வேறு.

ஏஆர்எம் பலகையில் இருப்பது யூ-பூட் என்ற லோடர். அதற்காகக் கெர்னல் பைலுக்கு எம்கேஇமேஜ் கருவியால் 64 பைட் தலைப்பு ஒட்டினோம். கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலைப் பொதியில் தோட்டப் பெயரும் தரமும் நிறையும் எழுதியிருப்பதைப் போல, அளவு, ஏற்றவேண்டிய முகவரி, தொடங்கவேண்டிய முகவரி, சரிபார்ப்புத் தொகை எல்லாம் அதில் இருக்கின்றன. அடையாளமான முதல் நான்கு பைட்டுகள் 27 05 19 56. அதைத் திரையில் கண்டதும் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏஆர்எம்முக்கான சுருங்கிய கெர்னல் பைலான இசட்இமேஜ் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும். ஆகவே தலைப்பில் 'சுருக்கம் இல்லை' என்றே குறிக்கவேண்டும். யூ-பூட்டே விரிக்கும் வகை என்றால், விரிந்த கெர்னல் போய் விழும் இடமும் சுருங்கிய பைல் கிடக்கும் இடமும் மோதக்கூடாது. மோதினால் விரிய விரியத் தன்னையே அழித்துக்கொள்ளும்.

ஒக்டோபர் 26, சனி

இன்று சுருக்கம் பற்றிய பாடம். ஜீஸிப் பழகிய வழி. எக்ஸ்இசட் நன்றாகச் சுருக்கும், ஆனால் விரிய நேரம் எடுக்கும். 2013இல் லினக்ஸ் 3.11 பதிப்போடு கெர்னலுக்கு வந்த எல்இசட்4 பெரிய பைலைத் தரும், சட்டென்று விரியும். 4 எம்பி பிளாஷ் மட்டுமே உள்ள ரூட்டர் என்றால் எல்இசட்எம்ஏ, எக்ஸ்இசட் போன்றவற்றை விட்டால் வழியில்லை.

எங்கள் பலகையில் இடத்துக்குக் குறைவில்லை. இங்கே நிலையில்லாதது கரண்ட்தான். மழை பெய்தால் அது போய்விடும். திரும்பி வந்ததும் பலகை உடனே எழுந்து அளக்கவேண்டும். அதற்காக எல்இசட்4 என்று முடிவாக எழுதிவிடவும் முடியாது. மெமரி கார்ட் மெதுவாக வாசித்தால், பெரிய பைலை ஏற்றுவதிலேயே மிச்சம் பிடித்த நேரம் போய்விடும். ஆகவே எல்இசட்4 கொண்டும் வேறொரு முறை கொண்டும் கட்டி, கரண்டை நிறுத்திப் போட்டு, நேரத்தை அளக்கச் சொன்னேன். எங்கள் கார்டில் எல்இசட்4 முந்தியது.

ஒக்டோபர் 29, செவ்வாய்

மீரியபெத்த மண்சரிவுக்கு இன்றோடு பத்து வருடம். 2014இல் இதே நாள் காலையில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. எங்கள் சின்ன மழைமானி மலையைத் தாங்கிப்பிடிக்காது. அதிகாரிகளின் எச்சரிக்கைக்கு மாற்றும் ஆகாது. ஆனால் நம் தோட்டத்தில் இரவில் எவ்வளவு மழை பெய்தது என்பதை நாமே அளந்து வைத்திருப்போம்.

கெர்னலை எந்த வடிவில் கொடுப்பது என்பதை லோடர் தீர்மானிக்கிறது. எப்படிச் சுருக்குவது என்பதை அந்த இடத்தின் குறைதான் தீர்மானிக்கவேண்டும். அந்தக் குறை என்னவென்று லயத்தில் வளரும் பிள்ளைக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஆயத்தமாகக் கிடைக்கும் பைலை இறக்கிப் போடுவதோடு பாடத்தை நிறுத்த எனக்கு மனமில்லை. அடுத்த பலகைக்கான கெர்னலை அந்தப் பிள்ளைகளே கட்டுவார்கள்.